ஒளிச்சேர்க்கையும் சுவாசமும்: 9, 10, 11ஆம் வகுப்பு ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சென்னைப் பள்ளிகளில் உயிரியல் நடத்தும் ஆசிரியர்களை மனதில் வைத்து எழுதியது. ஆய்வகம் இல்லாத வகுப்பறையிலும் செய்யக்கூடியவற்றுக்கே முன்னுரிமை. பொருட்களில் பெரும்பாலானவை மளிகைக் கடையிலும் மருந்துக் கடையிலும் கிடைக்கும். மிச்சத்துக்குக் கொளத்தூர் வண்ணமீன் கடைகளும் பாரிமுனைப் பக்கத்து ஆய்வகப் பொருள் கடைகளும் போதும்.

இரண்டு பாடங்களையும் தனித்தனியாக நடத்தலாமா, சேர்த்து நடத்த வேண்டுமா?

சேர்த்துத்தான். 10ஆம் வகுப்புப் பாடநூலில் இரண்டும் ஒரே அலகில் வருகின்றன. 11ஆம் வகுப்புத் தாவரவியலில் தனித்தனிப் பாடங்கள். பிரித்து நடத்தினால் மாணவர் மனதில் தங்குவது இது: ஒளிச்சேர்க்கை செடியின் வேலை, சுவாசம் விலங்கின் வேலை. ஒளிச்சேர்க்கை நடக்கும் பசுங்கணிகம் இருக்கிற இலைச் செல்லுக்குள்ளேயே சுவாசம் நடக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் இருக்கிறது என்பதை முதல் நாளே கரும்பலகையில் வரைந்துவிடுங்கள். ஒரே செல், இரண்டு நுண்ணுறுப்புகள், இடையில் போய் வரும் நான்கு பொருட்கள்: சர்க்கரை, ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு, நீர். அந்தப் படம் அலகு முடியும்வரை அழியாமல் பலகை ஓரத்தில் இருக்கட்டும்.

"செடி பகலில் ஒளிச்சேர்க்கை செய்யும், இரவில் சுவாசிக்கும்" என்று எழுதுகிறார்கள். எத்தனை முறை திருத்தியும் மாறவில்லை. ஏன்?

வாயைத் திருத்துகிறோம், மனதில் இருக்கும் படத்தைத் திருத்துவதில்லை. பகலில் இலை ஆக்சிஜன் வெளிவிடுகிறது, இரவில் கார்பன் டை ஆக்சைடு வெளிவிடுகிறது என்று சொல்லிக் கொடுக்கிறோம். வெளியே தெரிகிற கணக்கு அதுதான். ஆனால் அது நிகர கணக்கு. நல்ல வெயிலில் ஒளிச்சேர்க்கை சுவாசத்தைவிடப் பல மடங்கு வேகமாக நடப்பதால், சுவாசத்தில் உண்டாகும் கார்பன் டை ஆக்சைடு வெளியே வரும் முன்பே பசுங்கணிகத்துக்குள் இழுக்கப்பட்டுவிடுகிறது. சுவாசம் நிற்கவில்லை, மறைந்திருக்கிறது.

கடைக்காரர் கணக்கு இதற்கு நன்றாகப் பொருந்தும். ஒரு கடையில் மணிக்கு 1000 ரூபாய் வரவு, 100 ரூபாய் செலவு. கல்லாவில் 900 ரூபாய் கூடுகிறது. கல்லா கூடுவதைப் பார்த்து "செலவே இல்லை" என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கடை மூடிய பிறகு வரவு நின்றுவிடும், வாடகையும் காவலாளி சம்பளமும் ஓடிக்கொண்டே இருக்கும். வரவும் செலவும் சமமாகிற ஒளி அளவுதான் ஈடுசெய் புள்ளி. அந்த அளவில் இலை வாயு எதையும் உள்ளே இழுப்பதாகவோ வெளியே விடுவதாகவோ தெரியாது. ஆனால் உள்ளே இரண்டும் நடக்கின்றன.

இந்த ஒப்புமையைச் சொன்ன கையோடு வேர், விதை, பூ பற்றிக் கேளுங்கள். மண்ணுக்குள் இருக்கும் வேருக்குப் பகல் ஏது, இரவு ஏது? அதற்கு எப்போதும் செலவு மட்டும்தான். இங்கேதான் பல மாணவர்களுக்கு முடிச்சு அவிழ்கிறது. தாவரங்கள் நிலைப்படுத்தும் கார்பனில் ஏறத்தாழ பாதியை அவையே சுவாசத்தில் திரும்ப விட்டுவிடுகின்றன என்பதையும் சொல்லுங்கள். செலவு சிறிதல்ல.

"சுவாசம்" என்ற சொல்லே குழப்புகிறதா?

ஆம், நிறைய. அன்றாடத் தமிழில் சுவாசம் என்றால் மூச்சு. "செடி சுவாசிக்கிறது" என்றதும் இலைத்துளையை மூக்காக நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டு சொற்களைக் கண்டிப்பாகப் பிரித்து வையுங்கள்: காற்று உள்ளே போய் வெளியே வருவது மூச்சு விடுதல், செல்லுக்குள் சர்க்கரை உடைந்து ஆற்றல் வெளிப்படுவது செல் சுவாசம். ஒரு வாரம் "செல் சுவாசம்" என்று முழுச் சொல்லாகவே சொல்லுங்கள், பலகையிலும் அப்படியே எழுதுங்கள். விடைத்தாளில் "இலைத்துளை வழியாகச் சுவாசம் நடக்கிறது" என்று வந்தால் "வாயுப் பரிமாற்றம்" என்று மாற்றிக் கொடுங்கள். சின்ன விஷயம்போலத் தோன்றும். பாடம் முழுக்க இதன் பலன் தெரியும்.

ஒரே ஒரு செய்முறைக்குத்தான் நேரம் இருக்கிறது. எதைச் செய்யலாம்?

மிதக்கும் இலை வில்லைகள். ஒளிச்சேர்க்கை, சுவாசம் இரண்டையும் ஒரே இலைத் துண்டில் 45 நிமிடத்தில் பார்க்க வைக்கும் வேறொரு எளிய செய்முறை இல்லை.

தேவையானவை: புதிய பாலக்கீரை, ஊசி இல்லாத 10 மி.லி. சிரிஞ்ச், சமையல் சோடா, பாத்திரம் கழுவும் திரவம், கண்ணாடி டம்ளர், 9 அல்லது 12 வாட் எல்.இ.டி. விளக்கு, காகிதத்தில் துளையிடும் கருவி அல்லது தடித்த ஸ்ட்ரா. ஆப்பசோடா என்று கேட்டு வாங்குங்கள். பேக்கிங் பவுடரும் சலவை சோடாவும் இதற்கு ஆகாது.

1 லிட்டர் நீரில் 2 கிராம், அதாவது அரை டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவாகச் சோடாவைக் கரையுங்கள். அதில் 300 மி.லி. எடுத்து ஒரே ஒரு சொட்டு பாத்திரத் திரவம் விட்டு மெதுவாகக் கலக்குங்கள். நுரை வந்தால் அதிகம். இன்னும் கரைசல் ஊற்றுங்கள். சோடா, இலைக்குக் கார்பன் டை ஆக்சைடு தருவதற்கு. சோப்பு, இலையின் மெழுகுப் பரப்பில் நீர் ஒட்டுவதற்கு.

தடித்த நரம்பைத் தவிர்த்து 10 வில்லைகள் வெட்டுங்கள். சிரிஞ்சின் பிஸ்டனை எடுத்துவிட்டு வில்லைகளைப் போட்டு, நசுங்காமல் பிஸ்டனைத் திரும்பச் செருகி, 5 மி.லி. கரைசலை உறிஞ்சுங்கள். நுனியை மேலே பிடித்துக் காற்றை வெளியேற்றுங்கள். பிறகு நுனியை விரலால் அடைத்துக்கொண்டு பிஸ்டனை இழுத்து 10 விநாடி பிடியுங்கள். இலையின் உள்ளே காற்றறைகளில் இருந்த காற்று பொடிப்பொடிக் குமிழிகளாக ஓரங்களில் வெளிவருவது கண்ணுக்குத் தெரியும். சிரிஞ்சைத் தட்டிக்கொண்டே விரலை எடுங்கள். காற்று இருந்த இடத்தில் கரைசல் புகும். வில்லையின் வெளிர்பச்சை கரும்பச்சையாக மாறி, ஒவ்வொன்றாக அடியில் இறங்கும். மூன்று நான்கு முறை செய்தால் எல்லாம் மூழ்கிவிடும்.

டம்ளரில் 3 செ.மீ. உயரத்துக்குக் கரைசல் ஊற்றி வில்லைகளை அதில் கொட்டி, விளக்கை 15 செ.மீ. தூரத்தில் வையுங்கள். நிமிடத்துக்கு ஒருமுறை டம்ளரை லேசாகச் சுழற்றி, மிதப்பவற்றை எண்ணி எழுதச் சொல்லுங்கள். இலை நன்றாக இருந்தால் 10 முதல் 15 நிமிடத்துக்குள் பாதி வில்லைகள் மேலே வந்துவிடும். உண்டான ஆக்சிஜன் காற்றறைகளில் நிறைந்து தூக்குகிறது. பாதி மிதக்க ஆன நேரத்தைக் குழுக்களுக்கு இடையே ஒப்பிடுங்கள். எல்லாம் மிதக்க ஆன நேரத்தை எடுக்காதீர்கள், ஏதாவது ஒரு சோம்பேறி வில்லை கணக்கைக் கெடுக்கும்.

முக்கியமான பகுதி இனிமேல்தான். எல்லாம் மிதந்ததும் டம்ளரை அட்டைப்பெட்டியால் மூடி இருட்டாக்குங்கள். 10, 15 நிமிடம் கழித்துத் திறந்தால் சில வில்லைகள் மூழ்கத் தொடங்கியிருக்கும். மற்றவற்றுக்கு இன்னும் நேரம் ஆகும். ஆக்சிஜன் எங்கே போனது? யார் எடுத்தது? வகுப்பு அமைதியாகும். பதிலை நீங்கள் சொல்லாதீர்கள். "இலையே எடுத்துக்கொண்டது" என்று யாராவது சொல்லும்வரை காத்திருங்கள்.

வில்லைகள் மூழ்கவே இல்லை, அல்லது மூழ்கியவை மிதக்கவே இல்லை. எங்கே தவறு?

மூழ்காவிட்டால்: சோப்பு போதவில்லை, அல்லது சிரிஞ்ச் நுனி சரியாக அடைபடவில்லை, அல்லது மெழுகு தடித்த, மயிர் நிறைந்த இலை. மிதக்காவிட்டால்: கீரை பழசு, சோடா போட மறந்துபோனது, சோப்பு அதிகமாகி இலையைக் கெடுத்துவிட்டது, அல்லது பிஸ்டனால் வில்லை நசுங்கிவிட்டது. முதல் நாள் வாங்கிக் குளிர்பெட்டியில் வைத்த கீரை என்றால் ஒரு மணி நேரம் முன்பே எடுத்து, தண்டை நீரில் நிறுத்தி, வெளிச்சத்தில் வையுங்கள்.

சோடா இல்லாமல், கொதித்து ஆறிய நீரில் ஒரு டம்ளர் கட்டாயம் இருக்கட்டும். அது மிதக்காமல் கிடப்பதுதான் கார்பன் டை ஆக்சைடு தேவை என்பதற்குச் சான்று.

ஸ்டார்ச் சோதனையில் இலை முழுக்கக் கருநீலம் ஆகிறது, அல்லது எங்குமே ஆவதில்லை.

இலை முழுக்கக் கருத்தால் முன்பே இருந்த ஸ்டார்ச் போகவில்லை என்று பொருள். செடி 48 மணி நேரம் முழு இருட்டில் இருக்க வேண்டும். அலமாரிக்குள் வைத்து, கதவு இடுக்கையும் துணியால் அடைத்துவிடுங்கள். அந்த ஸ்டார்ச் எங்கே போனது என்று கேட்க மறக்காதீர்கள். சர்க்கரையாக மாறி மற்றப் பாகங்களுக்குப் போனது, சுவாசத்தில் செலவானது. செய்முறை நூல்கள் இதைத் தயாரிப்பு வேலையாகச் சொல்லிக் கடந்துவிடுகின்றன. உண்மையில் அதுவே சுவாசப் பாடத்தின் ஒரு பகுதி.

எங்குமே நிறம் வராவிட்டால் பெரும்பாலும் பச்சையம் சரியாக நீங்கவில்லை, அல்லது இலைக்குப் போதிய வெயில் கிடைக்கவில்லை. காசித்தும்பை, கோலியஸ், காகிதப்பூ போன்ற மெல்லிய இலைகள் நல்லவை. குரோட்டன் தடித்தது, நேரம் வீணாகும். வெங்காயத்தாளைத் தேர்ந்தெடுக்காதீர்கள்; அது ஸ்டார்ச்சாக அல்ல, சர்க்கரையாகவே சேர்த்து வைக்கிறது.

வரிசை இது: கொதிநீரில் 1 நிமிடம் இலையை முக்கி எடுங்கள், செல் சவ்வுகள் உடைந்து அயோடின் உள்ளே போக வழி கிடைக்கும். பிறகு சோதனைக் குழாயில் எத்தனால் அல்லது சர்ஜிகல் ஸ்பிரிட் ஊற்றி, இலையைப் போட்டு, அந்தக் குழாயைச் சுடுநீர்ப் பாத்திரத்தில் நிறுத்துங்கள். எத்தனால் சுமார் 78 டிகிரியிலேயே கொதிக்கும், அதன் ஆவி எளிதில் தீப்பற்றும். ஆகவே அடுப்பை முழுவதும் அணைத்து, அறையை விட்டே அகற்றிய பிறகுதான் ஆல்கஹால் பாட்டிலைத் திறக்க வேண்டும். மின்கெட்டிலில் நீரைக் கொதிக்கவைத்து ஊற்றிக்கொள்வது இன்னும் பாதுகாப்பு. இலை வெளுத்து மொறுமொறுப்பாகிவிடும். மறுபடி வெந்நீரில் முக்கினால் மென்மையாகும். வெள்ளைத் தட்டில் விரித்து அயோடின் விடுங்கள்.

மருந்துக் கடை போவிடோன் அயோடினைப் பத்து மடங்கு நீர்விட்டு நீர்த்துப் பயன்படுத்தலாம். முதலில் ஒரு சோற்றுப் பருக்கையில் சொட்டு விட்டு, கருநீலம் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வேலம்பாசி (ஹைட்ரில்லா) புனல் சோதனையில் குமிழியே வரவில்லை. என்ன நீர் ஊற்ற வேண்டும்?

பாதித் தோல்விகளுக்குக் காரணம் நீர்தான். ஆர்.ஓ. நீரில் பைகார்பனேட் மிகக் குறைவு. கொதித்து ஆறிய நீரில் கரைந்திருந்த வாயுக்கள் போய்விட்டன. ஆழ்துளைக் கிணற்று நீர் இதற்கு நன்றாகவே பொருந்தும். குழாய் நீர் என்றால் குளோரின் போக ஓர் இரவு திறந்து வையுங்கள். எந்த நீராக இருந்தாலும் 500 மி.லி.க்கு 1 கிராம் சோடா சேர்க்கலாம்.

தண்டின் வெட்டுமுனை மேல்நோக்கி, புனலின் குழல் பக்கம் இருக்க வேண்டும். நீருக்குள் வைத்தே புதிதாக வெட்டுங்கள். புனல் பீக்கரின் அடியில் ஒட்டாமல் இருக்க மூன்று சிறு கற்கள் மேல் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் நீர் உள்ளே சுற்றாது. விளக்குத் தூரத்தை மாற்றிக் குமிழிகளை எண்ணுவதாக இருந்தால், ஒவ்வொரு முறையும் 3 நிமிடம் பொறுத்த பிறகு எண்ணத் தொடங்குங்கள்.

தணல் குச்சி சுடர்விடவில்லை என்பது அடுத்த புகார். அந்த வாயு தூய ஆக்சிஜன் அல்ல. நீரில் கரைந்திருந்த நைட்ரஜனும் குமிழியில் கலந்து வரும். சோதனைக் குழாயில் பாதியாவது நிரம்பக் காத்திருங்கள், நல்ல வெயிலில் ஒரு நாள் ஆகும். அவசரப்பட்டு ஒரு விரற்கடை வாயுவில் சோதித்தால் தோல்விதான்.

1920களில் ஜகதீஷ் சந்திர போஸ் ஒளிச்சேர்க்கையை ஆராய்ந்ததும் இதே வேலம்பாசியில்தான். மாணவர்களிடம் சொல்லுங்கள்.

செல் சுவாசத்தைக் காட்ட முளைத்த பயறு போதுமா? வேகவைத்த பயறிலும் சுண்ணாம்பு நீர் பால்போல ஆகிவிட்டதே!

போதும். பயறில் ஒளிச்சேர்க்கை செய்யும் பச்சை இலை இல்லாததால் அது குறுக்கிடாது. வேகவைத்த பயறில் சுவாசித்தது பயறு அல்ல, கிருமிகள். சென்னை வெக்கையில் வெந்த பயறு ஒரே இரவில் புளித்துவிடும். இரண்டு வகைப் பயறையும் நீர்த்த பிளீச்சிங் கரைசலில் சில நிமிடம் வைத்து, நன்றாக அலசிவிட்டு, 4 மணி நேரத்துக்குள் சோதனையை முடியுங்கள்.

500 மி.லி. பாட்டிலில் 50 கிராம் முளைகட்டிய பச்சைப் பயறு. மூடியில் இரண்டு குழாய்கள் செருகி, இடைவெளியை மெழுகால் அடைத்து, குழாய்களின் வெளிமுனைகளையும் கிளிப் போட்டு மூடுங்கள். நேரம் வந்ததும் கிளிப்பை எடுத்து, ஒரு குழாய் வழியாக மெல்ல நீர் ஊற்றினால் உள்ளே இருந்த காற்று மறு குழாய் வழியாகச் சுண்ணாம்பு நீருக்குள் போகும்.

சுண்ணாம்பு நீருக்கு வெற்றிலைச் சுண்ணாம்பே போதும். நிறம் சேர்க்காத வெள்ளையாக வாங்குங்கள். 1 லிட்டர் நீரில் ஒரு டீஸ்பூன் கலக்கி, இறுக மூடி, ஓர் இரவு தெளியவிட்டு மேல்நீரை மட்டும் வடிகட்டுங்கள். ஒரு லிட்டரில் ஒன்றரை கிராம் சொச்சம்தான் கரையும். அதிகம் போட்டு லாபமில்லை. பாட்டிலைத் திறந்தே வைத்தால் காற்றிலேயே வெள்ளை ஆடை படியும். மாணவர்கள் சுண்ணாம்பு நீருக்குள் ஸ்ட்ராவால் மூச்சை ஊதிப் பார்க்கும்போது பாதுகாப்புக் கண்ணாடி அணியட்டும், உறிஞ்சவே கூடாது. பால்போல ஆன பிறகும் ஊதிக்கொண்டே இருந்தால் மறுபடி தெளிந்துவிடும். கால்சியம் கார்பனேட், கரையக்கூடிய பைகார்பனேட்டாக மாறிவிடுகிறது. "தப்பாப் போச்சு மிஸ்" என்று ஓடிவருவார்கள், அதையும் பாடமாக்குங்கள்.

வெப்பம் வெளிப்படுவதைக் காட்ட, இரண்டு தெர்மாஸ் குடுவைகளில் முளைத்த பயறும் கிருமிநீக்கிய வெந்த பயறும் போட்டு, வாயைப் பஞ்சால் அடைத்து வெப்பமானியைச் செருகுங்கள். ரப்பர் மூடி வேண்டாம். ஆக்சிஜன் உள்ளே போக வேண்டும். 24 மணி நேரத்தில் சில டிகிரி வித்தியாசம் தெரியும்.

காற்றில்லாச் சுவாசத்துக்கு இட்லி மாவை எடுத்துக்காட்டாகச் சொல்லலாமா?

சொல்லலாம், ஆனால் "ஈஸ்ட் பொங்க வைக்கிறது" என்று சொல்லிவிடாதீர்கள். இட்லி மாவைப் பொங்கவும் புளிக்கவும் வைப்பதில் முதன்மையானவை லாக்டிக் அமில பாக்டீரியாக்கள், குறிப்பாக லியூகோநாஸ்டாக். அது சர்க்கரையை நொதித்து லாக்டிக் அமிலத்தோடு கார்பன் டை ஆக்சைடும் தருகிறது. உளுந்தின் கொழகொழப்பு அந்த வாயுவைப் பிடித்து வைக்கிறது.

ஆல்கஹால் நொதித்தலுக்கு ஈஸ்டைத் தனியாகச் செய்யுங்கள்: 100 மி.லி. வெதுவெதுப்பான நீர், 10 கிராம் சர்க்கரை, 5 கிராம் உலர் ஈஸ்ட், பாட்டில் வாயில் பலூன். நீர் 35 முதல் 40 டிகிரிக்குள் இருக்கட்டும். கொதிநீர் ஊற்றினால் ஈஸ்ட் செத்துவிடும். அரை மணியில் பலூன் நிமிரும்.

விளையாடி மறுநாள் கால் வலித்தால் லாக்டிக் அமிலம்தான் காரணம் என்று சொல்லிக் கொடுப்பது பழைய பழக்கம். அமிலம் சிறிது நேரத்திலேயே தசையிலிருந்து நீங்கிவிடும். மறுநாள் வலி, தசை இழைகளில் ஏற்படும் நுண்சேதத்தால் வருவது.

புரோமோதைமால் நீலம் எங்கே கிடைக்கும்? நிறம் சரியாக மாறுவதில்லையே?

ஆய்வகப் பொருள் கடைகளில் கிடைக்கும். மீன்தொட்டிக் கடைகளில் விற்கும் பி.எச். சோதனைக் கிட்கள் பலவற்றில் இருப்பதும் இதே நிறங்காட்டிதான். நீரில் கார்பன் டை ஆக்சைடு கூடினால் பி.எச். இறங்கும், குறைந்தால் ஏறும். பி.எச். 6க்குக் கீழே மஞ்சள், 7.6க்கு மேலே நீலம், இடையில் பச்சை. பச்சையில் தொடங்குங்கள், அப்போதுதான் வெளிச்சத்தில் வைத்த வேலம்பாசிக் குழாய் நீலமாகவும், அலுமினியத் தாள் சுற்றிய குழாய் மஞ்சளாகவும் இரண்டு பக்கமும் விலகுவது தெரியும். பாசி இல்லாத குழாய்கள் இரண்டும் கூடவே இருக்கட்டும்.

குமிழிச் சோதனைக்கு நல்லதென்று சொன்ன ஆழ்துளை நீர் இங்கே எதிரி. அதில் இருக்கும் பைகார்பனேட் பி.எச். மாறவிடாமல் தடுக்கும். ஆர்.ஓ. நீரில் பத்தில் ஒரு பங்கு குழாய் நீர் கலந்து பயன்படுத்துங்கள்.

மரத்தின் எடை எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் "மண்ணிலிருந்து" என்கிறார்கள்.

இந்தக் கேள்வியை அலகின் முதல் நாளே கேட்டு, பதில்களைத் தாளில் எழுதி வாங்கி வையுங்கள். கடைசி நாளில் திருப்பிக் கொடுங்கள்.

வான் ஹெல்மான்ட் சோதனை இதற்கென்றே அமைந்தது, 1648இல் வெளியானது. 200 பவுண்டு, அதாவது சுமார் 91 கிலோ உலர்ந்த மண்ணில் 2.3 கிலோ வில்லோக் கன்றை நட்டு, 5 ஆண்டுகள் நீர் மட்டும் ஊற்றினார். மரம் ஏறத்தாழ 77 கிலோ ஆனது. மண்ணில் குறைந்தது 57 கிராம் அளவுதான். எடை முழுக்க நீரிலிருந்து வந்தது என்று முடிவு செய்தார். மாணவர்களிடம் கேளுங்கள்: அவர் எதை மறந்தார்? காற்றை. உலர்ந்த மரக்கட்டையின் எடையில் பாதிக்கு அருகில் கார்பன். அது அத்தனையும் காற்றிலிருந்து இலை வழியாக வந்தது.

இதன் மறுபக்கம் சுவாசம். "உடல் இளைத்தவரின் கொழுப்பு எங்கே போனது?" என்று கேளுங்கள். வியர்வை, மலம், வெப்பம் என்று பல பதில் வரும். பெரும்பகுதி கார்பன் டை ஆக்சைடாக மூச்சு வழியாகவும், மிச்சம் நீராகவும் வெளியேறுகிறது.

வெளிவரும் ஆக்சிஜன் நீரிலிருந்தா, கார்பன் டை ஆக்சைடிலிருந்தா?

நீரிலிருந்து. 1941இல் ரூபனும் கேமனும் ஆக்சிஜன் 18 ஐசோடோப்பு கொண்ட நீரைக் குளோரெல்லா பாசிக்குக் கொடுத்துக் காட்டினார்கள். கண்டுபிடித்தது ஒருபுறம் இருக்க, சமன்பாட்டிலேயே இதை மாணவர் கண்டுகொள்ளலாம். வெளிவருவது 6 ஆக்சிஜன் மூலக்கூறு, அதாவது 12 அணுக்கள். 6 நீர் மூலக்கூறில் 6 ஆக்சிஜன் அணுக்களே உள்ளன. ஆகவே இடப்பக்கம் 12 நீர் மூலக்கூறுகளும் வலப்பக்கம் 6 நீர் மூலக்கூறுகளும் எழுதும் முழுச் சமன்பாட்டைக் கொடுங்கள்.

"இருள் வினை" இரவில் நடக்கிறதா?

இல்லை. ஒளி நேரடியாகத் தேவைப்படாத வினை என்றே பொருள். ஒளி வினையில் உண்டாகும் ஆற்றல் மூலக்கூறுகளான ஏ.டி.பி.யும் என்.ஏ.டி.பி.எச்.சும் இல்லாமல் கால்வின் சுழற்சி, அதாவது சர்க்கரை உருவாகும் இந்த இருள் வினை, ஓடாது; விளக்கை அணைத்தால் சற்று நேரத்தில் நின்றுவிடும். அதன் முக்கிய நொதிகளும் வெளிச்சத்தில்தான் முழுவீச்சில் இயங்குகின்றன. "ஒளி சாரா வினை" என்ற சொல்லையே பயன்படுத்துங்கள்.

ஒரு குளுக்கோஸுக்கு 38 ஏ.டி.பி.யா, 36ஆ, 32ஆ?

பழைய கணக்கில் 36 அல்லது 38. இப்போதைய கணக்கில் 30 முதல் 32. முன்பு, சுவாசத்தில் எலக்ட்ரானைச் சுமக்கும் என்.ஏ.டி.எச். ஒன்றுக்கு 3 ஏ.டி.பி., எஃப்.ஏ.டி.எச்.2 ஒன்றுக்கு 2 என்று வைத்தார்கள். இப்போது முறையே 2.5, 1.5. தேர்வில் பாடநூலில் உள்ள எண்ணை எழுதச் சொல்லுங்கள், ஆனால் வித்தியாசத்தின் காரணத்தையும் சொல்லிவிடுங்கள். குளுக்கோஸ் ஒரு மோலில் சுமார் 2870 கிலோ ஜூல் ஆற்றல் உண்டு. ஏ.டி.பி.யில் சேர்வது அதில் மூன்றில் ஒரு பங்கு அளவு. மிச்சம் வெப்பம். தெர்மாஸ் குடுவையில் பார்த்தது அதுதான்.

புளியமரத்தடியில் இரவில் படுக்கக் கூடாது, அரசமரம் இரவிலும் ஆக்சிஜன் தரும் என்கிறார்களே?

"பேய் அல்ல, கார்பன் டை ஆக்சைடு" என்று விளக்கம் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அதுவும் தவறுதான். திறந்தவெளியில் இலைகள் விடும் வாயு உடனே கலைந்து போகும். ஒரு மனிதர் ஒரு நாளில் வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடு சுமார் 1 கிலோ. ஒரே அறையில் படுக்கும் தம்பி தங்கைகள் விடுவதோடு ஒப்பிட்டால் ஜன்னலோரத் தொட்டிச் செடி விடுவது அற்பம்.

இரவில் ஆக்சிஜன் தரும் மரம் எதுவும் கிடையாது. நீரைப் பிளக்க ஒளி வேண்டும். சில தாவரங்கள் இரவில் இலைத்துளையைத் திறந்து கார்பன் டை ஆக்சைடை உள்ளே இழுத்து மாலிக் அமிலமாக வைத்துக்கொள்ளும். பகலில் துளையை மூடிக்கொண்டு அதைப் பயன்படுத்தும். இந்தச் செய்திதான் "இரவில் ஆக்சிஜன்" என்று திரிந்துவிட்டது.

அந்த இரவு அமிலத்தை வகுப்பில் காட்ட முடியுமா?

முடியும். ரணகள்ளி பல வீட்டு மாடியில் இருக்கும், இலை ஓரத்தில் குட்டிச் செடி முளைப்பது. விடிந்ததும் பறித்த இலை ஒன்று, மாலை 4 மணிக்குப் பறித்தது ஒன்று. ஒரே அளவு எடுத்து, ஒரே அளவு ஆர்.ஓ. நீரில் அரைத்து, பி.எச். தாளில் தொட்டுப் பாருங்கள். காலை இலை தெளிவாகப் புளிப்பு. காலை இலையைப் பறித்ததும் குளிர்பெட்டியின் உறைபனிப் பகுதியில் வைத்துவிட்டால் இரண்டையும் மறுநாள் ஒன்றாகச் சோதிக்கலாம். யாரும் சுவைத்துப் பார்க்க வேண்டாம். அந்த இலையில் இதயத்தைப் பாதிக்கும் நச்சுப் பொருட்கள் உண்டு.

இந்தப் புளிப்பை முதலில் எழுத்தில் பதிந்தவர்களில் ஒருவர், சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளராக இருந்த பெஞ்சமின் ஹெய்ன். 1810களில், காலையில் புளிக்கும் இலை மாலையில் கசக்கிறது என்று அவர் எழுதினார்.

வேர் சுவாசிப்பதற்கு நம் ஊர் எடுத்துக்காட்டு?

அடையாறு முகத்துவாரத்தின் அவிசென்னியா என்ற அலையாத்தி மரம். சேற்றில் காற்று இல்லாததால் வேர்கள் பென்சில் நட்டுவைத்ததுபோல மேலே நீட்டி நிற்கின்றன. மாணவருக்கு இன்னும் கிட்டத்தில் உள்ளது, தினமும் இரண்டு வேளை நீர் ஊற்றி அழுகிப்போன தொட்டித் துளசி. மண்துளைகளில் நீர் நிறைந்தால் வேருக்கு ஆக்சிஜன் இல்லை. ஏ.டி.பி. குறைகிறது. தாது உப்பை உறிஞ்சும் வேலை நிற்கிறது. நீரில் நின்றபடியே செடி வாடுகிறது.

சென்னை வெயிலுக்கு ஏற்ப நேரத்தை எப்படி வைப்பது?

ஒளிச்சேர்க்கைச் சோதனைகளைக் காலை 9 முதல் 11க்குள் செய்யுங்கள். கோடை நண்பகலில் இலைத்துளைகள் மூடத் தொடங்கும். வெப்பம் ஏற ஏறச் சுவாசம் கூடிக்கொண்டே போகும். ஒளிச்சேர்க்கை ஓர் எல்லைக்கு மேல் சரியும். வெயிலில் நேரடியாக வைத்த பீக்கர் நீரில் கை வைத்துப் பாருங்கள், சுட்டால் நிழலுக்கு மாற்றி எல்.இ.டி. விளக்கைப் பயன்படுத்துங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களிலும் விளக்குதான் கைகொடுக்கும். வெயில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். வகுப்பறை மேசை சில நூறு லக்ஸ் மட்டுமே. கண்ணுக்கு வெளிச்சமாகத் தெரிவது இலைக்கு ஈடுசெய் புள்ளியைத் தாண்டாமல் இருக்கலாம்.

புரிந்ததா என்று சோதிக்க நல்ல கேள்விகள்?

வரையறை கேட்காதீர்கள். இவற்றில் ஒன்றைக் கொடுங்கள். மூடிய கண்ணாடிச் சாடியில் ஒரு செடி, நாள் முழுக்க ஆக்சிஜன் அளவை வரைபடமாக வரைக. 100 கிராம் பயறு இருட்டில் முளைத்துக் காய்ந்தபின் 100 கிராமுக்குக் குறைவாக இருக்கும், ஏன்? நீர் ஊற்றியும் எடை ஏன் கூடவில்லை? இலை வில்லை மிதந்துகொண்டிருக்கும் டம்ளரில், அந்த நிமிடத்தில் மைட்டோகாண்ட்ரியா என்ன செய்துகொண்டிருக்கிறது?

கடைசிக் கேள்விக்கு "ஓய்வில் இருக்கிறது" என்று பதில் வந்தால் அட்டைப்பெட்டியை மறுபடி எடுத்து டம்ளரை மூடுங்கள்.